ஸ்கிரீன் மாற்ற பாஸ்வேர்டு எதற்கு?

கேள்வி: வணக்கம் சார். அருப்புக்கோட்டையில் வீட்டிலிருந்தபடியே ஒன்பது கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு பார்க்கிறேன். போன வியாழக்கிழமை இரவு, கீபோர்டு மேல் இயர்போன் கிடந்ததைக் கவனிக்காமல் லேப்டாப்பை மூடிவிட்டேன். காலையில் திறந்தால் வலது பக்கம் மை கொட்டியது மாதிரி கறுப்பு, மீதி இடமெல்லாம் கோடு கோடாகத் தெரிகிறது. நான்கு வருடப் பழைய 15.6 அங்குல லேப்டாப், விண்டோஸ் 11. வாரண்டி முடிந்துவிட்டது. ஒரு கடையில் 5,500 ரூபாய் என்றார்கள். இன்னொரு கடையில் 9,000 ரூபாய், மதர்போர்டும் போயிருக்கலாம், வைத்துவிட்டுப் போங்கள், இரண்டு நாள் ஆகும் என்றார்கள். இரண்டு கடையிலும் பாஸ்வேர்டு கேட்டார்கள். டேலி கணக்குகள், கடைக்காரர்களின் பான், ஆதார் நகல்கள், வீட்டு போட்டோக்கள், மகளின் போட்டோக்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஃபார்மட் செய்துவிட்டுக் கொடு என்கிறான் தம்பி. திரையே தெரியாமல் எப்படி ஃபார்மட் செய்வது? 20-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி. 3பி ரிட்டர்ன் தாக்கல் செய்தாக வேண்டும். என்ன செய்யட்டும்?

பதில்: ஃபார்மட் செய்யாதீர்கள். தம்பி நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனாலும் வேண்டாம். பீரோக் கதவில் பதித்த ஆளுயரக் கண்ணாடி உடைந்தால், கண்ணாடி மாற்ற வருகிறவர் லாக்கர் சாவியைக் கேட்கமாட்டார். நாமும் அதற்காக உள்ளே இருக்கிற நகையைக் கொண்டுபோய் ஆற்றில் போடமாட்டோம். உங்கள் ஸ்கிரீன் அந்தக் கண்ணாடி. டேலியும் போட்டோவும் கீபோர்டுக்குக் கீழே, எஸ்.எஸ்.டி. என்கிற ஒரு சின்னத் தகட்டில் இருக்கின்றன. அதைத் தொடாமலே ஸ்கிரீனை மாற்றலாம். மாற்ற வேண்டும்.

கோவையில் பதினேழு வருடமாக இந்த வேலைதான் பார்க்கிறேன். உடைந்த ஸ்கிரீனோடு வருகிறவர்கள் அதிகம் சொல்லும் காரணம் இயர்போன். அடுத்தது பேனா. அதனால் உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம்.

நடந்தது என்ன என்று சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்கிரீனை நாங்கள் பேனல் என்போம். அதில் இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகள் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே, தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட வராத இடைவெளியில் திரவப் படிகம் நிரப்பியிருப்பார்கள். மூடியை அழுத்தும்போது கையின் பலமெல்லாம் இயர்போனின் அந்த ஒரு குமிழில் போய் இறங்கிவிடுகிறது. நீங்கள் பார்க்கும் மை, கண்ணாடி விரிந்த இடத்தில் அந்தத் திரவம் கலைந்து நிற்பதுதான். கோடுகள், ஓரத்து நுண்கம்பிகள் அறுந்ததன் அடையாளம். விரலால் அழுத்திப் பார்க்காதீர்கள். எல்லோரும் அழுத்திப் பார்ப்பார்கள், நானும் பார்த்திருக்கிறேன். கறுப்பு இன்னும் கொஞ்சம் பரவுவதைத் தவிர வேறு பலன் இருக்காது. சும்மா வைத்திருந்தாலும் நாளுக்கு நாள் பரவக்கூடியதுதான், அதனால் கீழே சொல்வதை இன்றைக்கே செய்துவிடுங்கள்.

வீட்டில் டிவி இருக்கிறது அல்லவா? செட்டாப் பாக்ஸிலிருந்து டிவிக்குப் போகும் எச்.டி.எம்.ஐ. கேபிளைக் கழற்றி லேப்டாப்பில் செருகுங்கள். டிவி ரிமோட்டில் அந்த எச்.டி.எம்.ஐ. இன்புட்டைத் தேர்ந்தெடுங்கள். லேப்டாப்பை ஆன் செய்து ஒரு நிமிடம் பொறுங்கள். பெரும்பாலும் தானாகவே டிவியில் படம் வந்துவிடும். வரவில்லை என்றால் விண்டோஸ் பொத்தானை அழுத்திக்கொண்டு பி பொத்தானைத் தட்டி, கீழ் அம்புக்குறியை ஒரு முறை அழுத்தி, என்டர் கொடுங்கள். உடைந்த திரையில் இருப்பது அப்படியே டிவியிலும் வரும். பின் நம்பர் (விண்டோஸுக்குள் போகும் ரகசிய எண்) போடும் பெட்டி கறுப்புக்குள் மறைந்திருந்தாலும் கவலை இல்லை. என்டரைத் தட்டிவிட்டு, இரண்டு நொடி விட்டு, பின் எண்களைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் உள்ளே போய்விடும். அதற்கப்புறம் விண்டோஸ், பி.

டிவியில் படம் தெளிவாக வந்துவிட்டால் மூன்று விஷயம் ஒரே நேரத்தில் முடிகிறது. ஒன்று, மதர்போர்டு போயிருக்கலாம் என்ற பேச்சு அநேகமாக அங்கேயே அடிபட்டுப் போகிறது. படத்தை உருவாக்கும் பகுதி வேலை செய்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டீர்கள். இரண்டாவது, உங்கள் ஃபைல்கள் எல்லாம் பத்திரம், நீங்களே நகல் எடுக்கலாம். மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகத் தெரிகிறது: 3பியை டிவியிலேயே போட்டு முடித்துவிடலாம். ஹாலில் உட்கார்ந்து கழுத்தை அண்ணாந்துகொண்டு ஜி.எஸ்.டி. போர்ட்டலைப் பார்ப்பது வசதியாக இருக்காது, ஆனால் வேலை ஓடும். வீட்டில் சீரியல் பார்க்கிறவர்களைச் சமாளிப்பது உங்கள் பொறுப்பு.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், லேப்டாப்பை வைத்துவிட்டுப் போங்கள் என்று சொல்கிற கடைக்காரருக்கு உங்கள் அவசரம்தான் பிடி. 20-ஆம் தேதி கழுத்தில் கத்தியாக நிற்கும்போது பாஸ்வேர்டு என்ன, வீட்டுச் சாவியையே கேட்டாலும் கொடுத்துவிடுவோம். டிவியில் வேலை ஓடுகிறது என்றால் நிதானமாக நாலு கடை விசாரிக்கலாம், ஒத்துவராத கடையிலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

சரி, நகல் எடுப்பது. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் இந்த நான்கையும் எல்லோரும் எடுத்துவிடுவார்கள். கணக்கு பார்க்கிறவர்கள் கோட்டை விடும் இடம் வேறு. டேலி பிரைம் தன் கணக்குகளை டாக்குமென்ட்ஸில் வைப்பதில்லை. நீங்களாக மாற்றியிருக்காவிட்டால் சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டர், அதற்குள் பப்ளிக், அதற்குள் டேலி பிரைம், அதற்குள் டேட்டா என்று போய் நிற்கும். உள்ளே ஒவ்வொரு கம்பெனிக்கும் வெறும் எண்ணைப் பெயராகக் கொண்ட ஒரு ஃபோல்டர். கடைப் பெயர் எதுவும் இருக்காது என்பதால் ஏதோ குப்பை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அந்த டேட்டா ஃபோல்டரை முழுசாக நகல் எடுங்கள், எடுக்கும்போது டேலி மூடியிருக்கட்டும். அதோடு டேலிக்குள்ளேயே போய் ஆல்ட் பொத்தானோடு ஒய் அழுத்தினால் வரும் பட்டியலில் பேக்கப் இருக்கிறது, அதையும் ஒரு தடவை எடுத்துவிடுங்கள். இரண்டும் இருந்தால் நிம்மதி. டி டிரைவ் தனியாக வைத்திருந்தால் அதையும் பாருங்கள். மின்னஞ்சலை அவுட்லுக்கில் இறக்கி வைத்திருக்கிறவர் என்றால் அந்த ஃபைலும் சேர வேண்டும். ஏற்கெனவே தாக்கல் செய்த ரிட்டர்ன்கள் போர்ட்டலில் இருக்கின்றன, அதைப் பற்றிப் பயப்பட வேண்டாம்.

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் போடுங்கள், அல்லது நல்ல பென்டிரைவில். போட்டதும் முடிந்தது என்று நினைக்காதீர்கள். அதை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, நாலைந்து ஃபைல்களைத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது நகல். மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவில் எல்லாம் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் டேலியின் அந்த ஃபோல்டர் தானாக அதற்குள் போகாது. இன்னொன்று, இங்கே அழித்தால் அங்கேயும் அழிகிற ஏற்பாடு அது. ரீசைக்கிள் பின்னில் சில வாரம் கிடக்கும், அவ்வளவுதான்.

இதையெல்லாம் செய்து முடித்து டிவியை விட்டுக்கொடுப்பதற்கு முன்னால் இன்னொரு வேலை இருக்கிறது. செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி என்ற பக்கத்தில் டிவைஸ் என்க்ரிப்ஷன் என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு விண்டோஸ் 11-ஐத் தொடங்கியிருந்தால், உங்களுக்கே தெரியாமல் அது ஆன் ஆகியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. எஸ்.எஸ்.டி.யில் இருக்கும் அத்தனையையும் அது பூட்டி வைக்கிறது. நல்ல விஷயம்தான். அது இல்லாவிட்டால், நீங்கள் பாஸ்வேர்டு கொடுக்காவிட்டாலும் எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் செருகி எல்லாவற்றையும் பார்த்துவிட முடியும். விண்டோஸ் பாஸ்வேர்டு வாசல் கதவு மட்டும்தான், சுவர் அல்ல. என்க்ரிப்ஷன் இருந்தால்தான் சுவர்.

ஆனால் அந்தச் சுவர் சொந்தக்காரரையும் வெளியே நிறுத்திவிடும். ஸ்கிரீன் மாற்றுவதால் அது விழித்துக்கொள்ளாது. ரிப்பேர் செய்கிறவர் பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பில், கைவைத்து எதையாவது மாற்றினாலோ, மதர்போர்டையே மாற்றினாலோ நீலத்திரை வந்து 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அப்போது அது கையில் இல்லை என்றால் என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது, மைக்ரோசாஃப்டாலும் முடியாது. இங்கே ஒரு கல்லூரிப் பேராசிரியர் நாலு வருட ஆராய்ச்சியை அப்படி இழந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பழைய மாணவன் ஒருவன் தன் மின்னஞ்சலைப் போட்டு லேப்டாப்பை அமைத்துக் கொடுத்திருக்கிறான், கீ அவன் கணக்குக்குப் போயிருக்கிறது, அந்தக் கணக்கை அவனே மறந்துவிட்டான். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, டிவைஸ் பட்டியலில் உங்கள் லேப்டாப்பைத் தேடி, அந்த 48 எண்ணையும் ஒரு தாளில் எழுதி பீரோவில் வைத்துவிடுங்கள். லேப்டாப் பையில் வைக்காதீர்கள்.

இப்போது பாஸ்வேர்டுக்கு வருகிறேன். எங்கள் தொழிலில் ஏன் கேட்கிறோம் என்று நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். வேலை முடிந்ததும் கேமரா, மைக், வெளிச்சம் கூட்டுவது குறைப்பது எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க விண்டோஸுக்குள் போக வேண்டும். கஸ்டமர் எதிரில் இருந்தால் அவரையே போடச் சொல்லலாம், இல்லாதபோது போன் செய்து கேட்பது தொல்லை. அதனால் முதலிலேயே பில் புத்தகத்தில் எழுதி வாங்கிவிடுவது பழக்கமாகிவிட்டது. அதாவது எங்கள் வசதிக்காகக் கேட்கிறோம். ஸ்கிரீன் மாற்றும் வேலைக்கு அது தேவையில்லை. லேப்டாப்பை ஆன் செய்ததும் வரும் கம்பெனிச் சின்னத்திலேயே கோடு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். பயாஸ் பக்கத்துக்குப் போனால் இன்னும் நிதானமாகப் பார்க்கலாம். டெல் லேப்டாப் என்றால் டி பொத்தானை அழுத்திக்கொண்டே பவர் போட்டால் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று திரை முழுக்க நிறங்கள் மாறி மாறி வரும். எச்.பி.யில் ஆன் ஆகும்போது எஃப்2 தட்டினால் சோதனைப் பக்கம் வரும். இது எதற்கும் பாஸ்வேர்டு வேண்டாம்.

கேட்கிறவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் இல்லை. அதற்காகக் கொடுத்துவிடலாம் என்றும் ஆகாது. நான் வேலை பழகிய கடையில் என்னோடு ஒருவன் இருந்தான். கை சுத்தம், ஒரு ஸ்க்ரூகூட எடுத்துக்கொண்டு போகமாட்டான். மத்தியானம் சாப்பிடும்போது மட்டும், அன்றைக்கு ரிப்பேருக்கு வந்திருக்கும் ஏதாவது ஒரு லேப்டாப்பில் போட்டோ ஆல்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, இடது கையால் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே தயிர்சாதம் சாப்பிடுவான். நாம் டிவி பார்த்துக்கொண்டு சாப்பிடுவோமே, அந்த மாதிரி. ஒரு நாள் ஒரு பெண்ணின் கல்யாண ஆல்பம், அதைத் தாண்டி ஹனிமூன் படங்கள். சாயங்காலம் அந்தப் பெண் வந்தாள், பணம் கட்டினாள், ரொம்ப தேங்க்ஸ் அண்ணா என்று அவனிடமே சொல்லிவிட்டு லேப்டாப்பை வாங்கிக்கொண்டு போனாள். அவன் சிரித்துக்கொண்டே தலையாட்டினான். நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது, சொல்லியிருக்க வேண்டும்.

இது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை. கனடாவில் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2022-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உள்ளே நடப்பதையெல்லாம் ரகசியமாகப் பதிவு செய்யும்படி லேப்டாப்களைத் தயார் செய்து, 16 கடைகளில் சின்ன ரிப்பேருக்குக் கொடுத்தார்கள். ஆறு கடைகளில் சொந்த ஃபைல்களைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். அதில் இரண்டில் நகலும் எடுத்திருக்கிறார்கள். பார்த்த சுவடை அழிக்க முயன்றவர்களும் உண்டு. பெண்களுடையது போல அமைத்த லேப்டாப்களில் இது அதிகம் நடந்திருக்கிறது. படித்தபோது எனக்குத் தயிர்சாதம்தான் ஞாபகம் வந்தது.

அதனால் கடையில் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: நான் உட்கார்ந்திருக்கும்போதே மாற்றித் தருவீர்களா? பேனல் கையில் இருந்தால் இது அரை மணி, முக்கால் மணி நேர வேலை. இரண்டு நாள் என்பது பேனல் சென்னை ரிச்சி தெருவிலிருந்தோ பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலிருந்தோ பார்சலில் வரும் நேரம். அது வரட்டும், வந்ததும் போன் செய்யுங்கள், லேப்டாப்பைக் கொண்டுவருகிறேன் என்று சொல்லுங்கள். அதற்கு அவர்களுக்கு வேண்டியது பேனலின் பின்புற லேபிளில் இருக்கும் நீண்ட எண். முதல் நாள் திறந்து, அந்த லேபிளை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, மூடிக் கொடுத்துவிடலாம். பத்து நிமிடம். கொஞ்சம் முன்பணம் கேட்பார்கள், அது நியாயம்.

எதிரில் உட்காரும்போது என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தால் நல்லது. திரையைச் சுற்றியிருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் சட்டத்தைப் பழைய ஏ.டி.எம். கார்டு மாதிரி ஒன்றை நுழைத்து டக் டக்கென்று கழற்றுவார்கள். இந்தச் சத்தம் கேட்டால் பதற வேண்டாம், அது கிளிப் விடுபடும் சத்தம். ஸ்க்ரூடிரைவரை நுழைத்து நெம்பினால் மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள், ஓரம் பல் பல்லாகிவிடும். நான்கு ஸ்க்ரூ, அல்லது புது மாடல் என்றால் பேனலுக்கு அடியில் ஓடும் இரண்டு பசை நாடாக்கள். வாலைப் பிடித்து மெதுவாக இழுக்க இழுக்க நூடுல்ஸ் மாதிரி நீண்டுகொண்டே வரும். நடுவில் அறுந்தால் எனக்கு அன்றைய நாள் போச்சு. பேனலைக் கீபோர்டு மேல் கவிழ்த்தால் பின்னால் ஒரு கேபிள், அதன் மேல் ஒட்டிய டேப், சின்னக் கம்பிப் பூட்டு.

அந்தக் கேபிளைத் தொடும் முன் கீழ்ப்பக்கத்தைத் திறந்து பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். இதில்தான் ஆளின் தரம் தெரியும். தொழிலுக்கு வந்த முதல் வருடம் நான் அவசரத்தில் பேட்டரியை எடுக்காமல் புதுப் பேனலைச் செருகினேன். சத்தம் இல்லை, புகை இல்லை. படம் வந்தது, வெளிச்சம் வரவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் பேய் மாதிரி விண்டோஸ் தெரிகிறது. மதர்போர்டில் கடுகளவு ஒரு ஃபியூஸ் போயிருந்தது. முதலாளி என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். ஆகவே, பேட்டரியைக் கழற்றுவீர்கள்தானே என்று சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை கேளுங்கள். உண்மையான மெக்கானிக் கோபப்படமாட்டார்.

கீழ்ப்பக்கம் திறந்திருக்கும் அந்த நேரம் இன்னொரு விதத்திலும் உங்களுக்கு வாய்ப்பு. கடையில் வைத்துவிட்டு வருவதைத் தவிர வேறு வழியே இல்லை என்றால், எஸ்.எஸ்.டி.யைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடச் சொல்லுங்கள். பெரும்பாலான 15.6 அங்குல லேப்டாப்களில் அது சூயிங்கம் பட்டை மாதிரி, 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். ஒரே ஒரு ஸ்க்ரூ. ஸ்க்ரூவை எடுத்ததும் தானாகவே ஒரு முனை மேலே தூக்கிக்கொள்ளும். அதை ஒரு காகிதத்தில் சுற்றி உங்கள் பர்ஸில் வைத்துக்கொண்டால், ஒன்பது கடைகளின் கணக்கும் மகளின் படங்களும் உங்களோடு அருப்புக்கோட்டைக்கு வந்துவிடும். லேப்டாப் கடையில் இருக்கும், அதற்குள் ஒன்றும் இருக்காது. ஆன் செய்தால் பூட் டிவைஸ் இல்லை என்று ஒரு வரி வரும். புது ஸ்கிரீனைச் சோதிக்க அந்த ஒரு வரியே போதும். சில மெல்லிய மாடல்களில் இது போர்டிலேயே பற்றவைத்திருக்கும், கழற்ற முடியாது. அப்படியென்றால் உட்கார்ந்து வாங்கி வருவது ஒன்றுதான் வழி.

தனியாக ஒரு யூசர் கணக்கு உருவாக்கி அதன் பாஸ்வேர்டைக் கொடுக்கலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். பரவாயில்லாத யோசனை, ஆனால் உங்கள் விஷயத்தில் ஓட்டை இருக்கிறது. அந்தக் கணக்கிலிருந்து உங்கள் டாக்குமென்ட்ஸுக்குள் போக முடியாது, சரி. ஆனால் டேலி இருப்பது பப்ளிக் ஃபோல்டரில். பெயரே சொல்கிறது. டி டிரைவும் அப்படித்தான் திறந்து கிடக்கும்.

விலையைப் பற்றி. தொடுதிரை இல்லாத சாதாரண 15.6 அங்குல முழு எச்.டி. பேனல் என்றால் நீங்கள் சொன்ன 5,500 நியாயமான விலைதான், எங்கள் பக்கமும் அதை ஒட்டித்தான் இருக்கிறது. 9,000 சொன்னவரை உடனே ஏமாற்றுக்காரர் என்று சொல்லமாட்டேன். கேமிங் லேப்டாப்பில் வரும், நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும் 144 ஹெர்ட்ஸ் பேனல் 40 பின் (இணைப்பு முனை) கேபிளில் வரும், விலையும் கூடும். சாதாரண 60 ஹெர்ட்ஸ் முழு எச்.டி. பேனலுக்கு 30 பின். உங்களுடையது எது என்று அந்த லேபிள் எண்ணே சொல்லிவிடும். அதைப் பார்க்காமல் 9,000 என்று சொன்னதுதான் எனக்கு இடிக்கிறது. பார்க்காமல் 5,500 என்று சொன்னவரையும் லேபிளைப் பார்த்து உறுதி செய்யச் சொல்லுங்கள். ஐ.பி.எஸ். என்கிற நல்ல வகைப் பேனலைக் கழற்றிவிட்டு டி.என். என்கிற மலிவான வகைப் பேனலைப் போட்டுக் கொடுப்பது நடக்கிறது. இரண்டும் அதே அளவு, அதே கேபிள், நேரே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. எழுந்து நின்று மேலிருந்து பார்த்தால் டி.என். பேனலில் முகமெல்லாம் வெளிறிப்போகும். பில்லில் பேனல் எண்ணையும் எத்தனை மாத வாரண்டி என்பதையும் எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தை வாரண்டி வாசலைத் தாண்டாது.

நான்கு வருட லேப்டாப்புக்கு இவ்வளவு செலவழிக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். செலவழிக்கலாம். உங்கள் வேலைக்கு அந்த லேப்டாப் இன்னும் மூன்று வருடம் தாராளமாக ஓடும். மூடியைத் திறக்கும்போது கீல் பக்கம் கிரீச் என்று இழுத்தாலோ, மூலையில் பிளாஸ்டிக் விரிந்திருந்தாலோ மட்டும் அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். கீல் இறுகிப்போன லேப்டாப்பில் புது ஸ்கிரீன் போட்டால் ஆறு மாதத்தில் அதே மூலையிலிருந்து மறுபடி விரிசல் வரும்.

வாங்கும்போது பின்னை நீங்களே போடுங்கள், அவர் எதிரில் நின்றால் கையால் மறைத்துக்கொண்டு போடுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஏ.டி.எம்.மில் செய்வதுதானே. வெள்ளைத் திரையில் கறுப்புப் புள்ளி, கறுப்புத் திரையில் ஓரத்து வெளிச்சக் கசிவு இரண்டையும் பாருங்கள். கேமராவைத் திறந்து உங்கள் முகம் தெரிகிறதா பாருங்கள், அதன் கம்பி பல மாடல்களில் ஸ்கிரீன் கேபிளோடு சேர்ந்தே ஓடுகிறது. மூடியை மெதுவாக மூடித் திறக்கும்போது படம் துடித்தால் கேபிள் சரியாக உட்காரவில்லை, அங்கேயே சொல்லுங்கள். கிளம்பும் முன் பென்டிரைவ், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எதையும் அங்கே விட்டுவிடவில்லையே என்று பார்த்துக்கொள்ளுங்கள். டோக்கனை முதலிலேயே வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் போவது இன்னும் உத்தமம். அது உங்கள் கடைக்காரர்களின் கையெழுத்து.

உங்கள் கடிதத்தில் தெளிவாக இல்லாத ஒரு விஷயம்: இரண்டு கடையிலும் பாஸ்வேர்டு கேட்டார்கள் என்கிறீர்கள், கொடுத்தீர்களா என்று சொல்லவில்லை. ஏதாவது ஒரு பில்லில் எழுதிக் கொடுத்திருந்தால் இன்றைக்கே பின்னை மாற்றிவிடுங்கள். லேப்டாப்பைச் சிறிது நேரம் உள்ளே கொண்டுபோனார்கள் என்றால், போனிலிருந்து கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பக்கத்துக்குப் போய், தெரியாத டிவைஸ் இருந்தால் வெளியேற்றுங்கள். வாட்ஸாப்பில் லிங்க்டு டிவைசஸ் பட்டியலையும் பாருங்கள். குரோமில் சேமித்த பேங்க் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள், அந்தப் பின் தெரிந்தால் அவற்றையும் திறந்து பார்த்துவிடலாம். பணம் எடுபட்டதாகத் தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும். அனுமதி இல்லாமல் ஒருவர் கம்ப்யூட்டரிலிருந்து நகல் எடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43, 66-ஆம் பிரிவுகளில் வருகிறது, மூன்று வருடம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். கேஸ் நடத்தும் அலைச்சல் வேறு கதை, அதனால்தான் எஸ்.எஸ்.டி.யைப் பர்ஸில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

முதலில் டிவியில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் படம் வரவில்லை என்றால் வேறு எதையும் செய்யாமல் எனக்கு எழுதுங்கள்: ஆன் செய்ததும் கீபோர்டு விளக்கு எரிகிறதா, ஃபேன் சுற்றும் சத்தம் கேட்கிறதா, இருட்டு அறையில் ஸ்கிரீன் மேல் டார்ச் அடித்தால் மங்கலாகவாவது ஏதாவது தெரிகிறதா. இந்த மூன்றும் தெரிந்தால் எந்தக் கடையில் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன்.